மடலின் மொழி எது? மின்னஞ்சல் பிழைதிருத்திகள் குறித்து ஓர் ஆய்வு

மின்னஞ்சல் எழுதுகிறவர்கள் பிழைதிருத்தியைப் பற்றிச் சொல்லும் குறைகளைத் தொகுத்துப் பார்த்தால் அவை மூன்று வகைக்குள் அடங்கிவிடும். சரியாக எழுதிய சொல்லின் அடியில் சிவப்புக் கோடு விழுகிறது. தவறாக எழுதிய சொல்லின் அடியில் விழுவதில்லை. நேற்று மாற்றிவைத்த மொழி இன்று பழையபடி திரும்பிவிடுகிறது. மூன்றுக்கும் அகராதியின் மீதுதான் பழி விழுகிறது. பழையதை நீக்கிப் புதியதை நிறுவிப் பார்க்கிறார்கள். அகராதிகளில் குறை உண்டு. தமிழ் அகராதிகளில் நிறையவே உண்டு. ஆனால் பெரும்பாலான சிக்கல்கள் அதற்கு ஒரு படி முன்னாலேயே தொடங்கிவிடுகின்றன. எழுதப்படும் வாக்கியம் எந்த மொழியைச் சேர்ந்தது என்று மென்பொருள் எங்கிருந்தோ ஒரு முடிவை எடுத்துக்கொள்கிறது. அந்த முடிவு தவறினால் எவ்வளவு நல்ல அகராதி இருந்தும் பயனில்லை. அதை யார் எடுக்கிறார்கள், எந்த இடத்தில் எடுக்கிறார்கள், நாம் எப்படி மாற்றலாம் என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

கணினி எழுத்துப்பிழை பார்க்கத் தொடங்கிய காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1961இல் லெஸ் எர்னஸ்ட், கையெழுத்தைப் படித்தறியும் நிரல் ஒன்றுக்காகப் பத்தாயிரம் ஆங்கிலச் சொற்களைப் பட்டியலிட்டார். 1964இல் ஃப்ரெட் டாமெராவ் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஓர் எழுத்து கூடுதல், ஓர் எழுத்து விடுபடுதல், ஓர் எழுத்து மாறுதல், அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இடம் மாறுதல் ஆகிய நான்கு வகைக்குள் ஏறத்தாழ 80 சதவீதப் பிழைகள் அடங்கும் என்று அதில் காட்டினார். இன்றைய திருத்திகள் முன்வைக்கும் பரிந்துரைகளின் அடிப்படை இதுவே. 1971இல் ஸ்டான்ஃபோர்டில் ரால்ஃப் கோரின் எழுதிய நிரல் மாற்றுச் சொற்களையும் காட்டியது. பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மக்கில்ராய் ஆங்கிலச் சொற்பட்டியல் முழுவதையும் 64 கிலோபைட் நினைவகத்துக்குள் அடக்கினார். எழுதியவர், படித்தவர், இயந்திரம் எல்லாருக்கும் ஒரே மொழி என்ற எண்ணத்தின் மேல் எழுந்தவை இவை.

அந்த எண்ணத்தை உடைத்தது ஹங்கேரியம் என்று சொல்லலாம். ஓப்பன்ஆஃபீஸுக்காகக் கெவின் ஹென்ட்ரிக்ஸ் உருவாக்கிய 'மைஸ்பெல்' திருத்தி, வேர்ச்சொல்லோடு விகுதிகள் அடுக்கடுக்காக ஒட்டும் ஹங்கேரிய மொழிக்குப் போதவில்லை. லாஸ்லோ நேமெத் அதை விரித்து 'ஹன்ஸ்பெல்' ஆக்கினார். ஒரு கோப்பில் வேர்ச்சொற்கள், இன்னொன்றில் ஒட்டு விதிகள் என்பது அதன் அமைப்பு. தண்டர்பேர்ட் மின்னஞ்சல் செயலி, ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, லிப்ரெஆஃபீஸ் அலுவலகத் தொகுப்பு மூன்றும் இன்று அதைத்தான் நம்பியிருக்கின்றன. குரோம் உலாவியும் சில இயங்குதளங்களில் அதைப் பயன்படுத்துகிறது. 2009 முதல் ஆப்பிள் கணினிகளிலும் ஹன்ஸ்பெல் அகராதிகளைச் சேர்க்கலாம். எனவே ஓர் அகராதியை ஒருமுறை நன்றாகச் செய்துவிட்டால் பல செயலிகளில் அது உழைக்கும். தமிழுக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

முதலில் தண்டர்பேர்ட். அமெரிக்க ஆங்கிலப் பதிப்பை இறக்கி நிறுவினால் அதனுடன் வருவது அமெரிக்க ஆங்கில அகராதி. மெனுக்களின் மொழியை மாற்ற ஒரு மொழிப்பொதி உண்டு, அகராதி வேறு. மெனு தமிழிலோ பிரெஞ்சிலோ மாறிவிட்டதால் திருத்தியும் மாறியிருக்கும் என்று எதிர்பார்ப்பது இங்கே பரவலாக நடக்கும் தவறு. அகராதியைத் தனியாக இறக்கி நிறுவ வேண்டும். பிறகு அமைப்புகளில் 'கம்போசிஷன்' பகுதிக்குள் போய் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே தட்டச்சிடும்போதே பார்ப்பதற்கு ஒரு பொத்தானும், அனுப்பும் முன் பார்ப்பதற்கு இன்னொரு பொத்தானும் தனித்தனியாக இருக்கின்றன. கோடே வரவில்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. மடல் எழுதும் சாளரத்திலும் மொழியை மாற்றலாம். ஆனால் அங்கே மாற்றுவது கையிலிருக்கும் மடலுக்கு மட்டும். அடுத்த மடல் அமைப்புகளில் உள்ள மொழியோடுதான் திறக்கும். 'மொழி திரும்பிவிடுகிறது' என்ற புகாரின் பெரும்பகுதி இந்த வேறுபாட்டை அறிந்தவுடன் தீர்ந்துவிடும்.

பழைய அகராதி திடீரென்று காணாமல் போவதற்குக் காரணம் வேறு. தண்டர்பேர்ட் தன் துணைநிரல் கட்டமைப்பைப் படிப்படியாக மாற்றியது. 2020இல் வந்த 78ஆம் பதிப்பு பழைய வகைத் துணைநிரல்களைக் கைவிட்டது. இந்தத் தொடர் மாற்றங்களின் போக்கில் புதிய வடிவத்துக்கு மாறாத அகராதிகள் பின்தங்கின. பெரிய மொழிகளுக்கு உடனே ஆள் கிடைத்துவிடும். ஓரிரு தன்னார்வலர்கள் மட்டும் தூக்கிச் சுமக்கும் மொழிகளுக்கு ஒவ்வொரு கட்டமைப்பு மாற்றமும் ஒரு கண்டம்.

நான் முக்கியமாகக் கருதுவது 2022இல் வந்த 102ஆம் பதிப்பின் வசதி. ஒரே மடலில் ஒன்றுக்கு மேற்பட்ட அகராதிகளை ஒரே நேரத்தில் இயக்க அது வழிசெய்தது. எந்த அகராதியாவது ஒரு சொல்லை ஏற்றுக்கொண்டால் கோடு விழாது என்பதே இதன் அடிப்படை. அமெரிக்க ஆங்கிலத்தையும் பிரிட்டன் ஆங்கிலத்தையும் சேர்த்து இயக்கினால் இரண்டு வழக்கும் கலந்து வருவதை அது கண்டுகொள்ளாது. தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதுவோருக்கு அந்தக் கேடு கிடையாது. எழுத்து வடிவமே வேறு என்பதால் தமிழ்ச் சொல் ஆங்கில அகராதியில் தவறி நுழையாது. ஆங்கிலச் சொல் தமிழ் அகராதியிலும் நுழையாது. இந்த வசதியால் முழுப் பயனும் பெறக்கூடியவர்கள் நம்மைப் போன்றவர்களே. நம்மில் பலர் இன்றும் ஒவ்வொரு மடலிலும் மொழியை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், அல்லது திருத்தியை முழுக்க அணைத்துவைத்திருக்கிறார்கள்.

அவுட்லுக்கின் வழி முற்றிலும் வேறு. 2007 பதிப்பு முதல் அதன் எழுதுபலகை வேர்ட் செயலிதான். வேர்டில் மொழி என்பது மடலின் பண்பு அன்று; ஒவ்வொரு எழுத்துத் தொடருக்கும் ஒட்டப்பட்ட அடையாளச் சீட்டு. ஒரே வாக்கியத்தின் பாதிக்கு ஒரு மொழியும் மீதிக்கு இன்னொரு மொழியும் இருக்கலாம். கொள்கையளவில் இதுதான் சரியான வழி. நடைமுறையில் அந்தச் சீட்டைக் கண்ணால் பார்க்க முடிவதில்லை என்பதால் குழப்பம் பெருகுகிறது. ஜெர்மனியிலிருந்து வந்த மடலுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதும்போது, அந்த மடலின் ஜெர்மன் சீட்டு உங்கள் வரிகளிலும் ஒட்டிக்கொள்ளக்கூடும். விசைப்பலகையை மாற்றினால் அதன் மொழியும் அதற்குப்பின் எழுதும் எழுத்தில் ஏறிவிடும். அகராதியை எத்தனை முறை மாற்றினாலும் அமெரிக்க ஆங்கிலம் திரும்பத் திரும்ப வருகிறதென்றால், விண்டோஸில் அமெரிக்க ஆங்கில விசைப்பலகை சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இந்திய ஆங்கிலமோ பிரிட்டன் ஆங்கிலமோ சேர்த்து, வேண்டாததை நீக்கினால் அவுட்லுக்கின் பிடிவாதம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அவுட்லுக்கில் இன்னொரு சீட்டும் உண்டு: 'இதைச் சரிபார்க்க வேண்டாம்' என்பது. வேறு ஆவணத்திலிருந்து வெட்டி ஒட்டிய பத்தி அந்தச் சீட்டோடு வந்தால், அதில் பத்துப் பிழை இருந்தாலும் திரையில் ஒரு கோடும் இராது. மடல் முழுவதையும் தேர்வு செய்து, 'ரிவ்யூ' தாவலில் மொழித் தேர்வைத் திறந்து அந்தக் குறியை எடுத்துவிட வேண்டும். அதே பெட்டியில் மொழியை இயல்புநிலையாக வைக்கும் பொத்தானும் உண்டு. அதை அழுத்தாமல் விட்டால் மாற்றம் அந்த மடலோடு முடிந்துவிடும். மொழியைத் தானே கண்டறியும் வசதியும் அங்கேயே இருக்கிறது. நீண்ட மடல்களில் அது நன்றாகவே உழைக்கிறது. 'நன்றி, நாளை பேசுகிறேன்' அளவில் முடியும் மடல்களில், அதுவும் ஒரே எழுத்து வடிவத்தைப் பகிரும் ஐரோப்பிய மொழிகளுக்கு இடையில், தடுமாறுகிறது. இவையெல்லாம் பழைய அவுட்லுக்குக்கு. உலாவித் தொழில்நுட்பத்தின் மேல் கட்டப்பட்ட புதிய அவுட்லுக்கில் திருத்தியின் அமைப்புகள் வேறிடத்தில், மடல் எழுதுதல் பகுதியில் இருக்கின்றன.

ஆப்பிளின் மெயில் செயலிக்குச் சொந்தமாகத் திருத்தி இல்லை. இயங்குதளத்தின் பொதுத் திருத்தியைத்தான் பயன்படுத்துகிறது. எனவே கோளாறு மெயிலில் தெரிந்தாலும் மருந்து விசைப்பலகை அமைப்புகளில்தான் இருக்கும். தானியங்கித் தேர்வை விட்டுக் குறிப்பிட்ட மொழியைத் தேர்ந்தெடுத்தால் தடுமாற்றம் நிற்கும். ஜிமெயிலை உலாவியில் பயன்படுத்துவோருக்கு இரண்டு திருத்திகள் ஒரே நேரத்தில் இருக்கின்றன: ஜிமெயிலுடையது ஒன்று, உலாவியுடையது ஒன்று. ஒன்றை அணைத்தும் கோடு போகவில்லை என்றால் இன்னொன்றைத் தேடுங்கள். குரோமில் 'மேம்பட்ட' திருத்தியைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் தட்டச்சிடுவது கூகுளின் வழங்கிக்குப் போகிறது. அடிப்படைத் திருத்திக்கு அப்படியில்லை. வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் இதை அறிந்துகொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும்.

திருத்தியின் தவறு சிவப்புக் கோட்டோடு நின்றால் பரவாயில்லை. தானாகத் திருத்தும் வசதி இயங்கும்போது பொருளே மாறிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆவணங்களில் நடந்தது புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. 'ஒத்துழைப்பு' என்று பொருள்படும் கோஆப்பரேஷன் என்ற சொல் அன்றைய அகராதியில் இடைக்கோட்டோடு மட்டுமே இருந்தது. கோடில்லாமல் எழுதியபோது திருத்தி கலிபோர்னியாவின் 'கூப்பர்டினோ' நகரத்தை முன்வைக்க, அது பல ஆவணங்களில் அப்படியே தங்கிவிட்டது. இந்த வகைப் பிழைக்கே அந்நகரத்தின் பெயர் வைக்கப்பட்டது. நம்மிடையே நடப்பது இதைவிடச் சிறியது: தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பள்ளியில் கற்பது பிரிட்டன் ஆங்கில எழுத்துமுறை. கணினியில் வருவது அமெரிக்க முறை. 'கலர்' என்ற சொல்லில் 'யூ' எழுத்து வேண்டுமா வேண்டாமா என்ற அளவில் நிற்கும் வேறுபாடு இது. பிரிட்டன் அல்லது இந்திய ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுப்பது ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாமல், தான் கற்ற சரியான எழுத்தைப் பிழையென்று நம்பி மாற்றிக்கொள்ளும் மாணவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இனி தமிழ். ஆங்கில அகராதி மட்டும் இயங்கும்போது தமிழ் வாக்கியம் என்ன ஆகிறது என்று பாருங்கள். தண்டர்பேர்ட், ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவற்றின் திருத்திகள் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் கோடு போடுகின்றன. குரோம், ஆங்கில அகராதிக்கு உரிய எழுத்து வடிவம் அதுவன்று என்று கண்டு தமிழைத் தொடாமல் தாண்டிப்போகிறது. அலுவலகச் செயலிகள், அந்த மொழிக்கான திருத்தக் கருவி இல்லை என்று மேலே மஞ்சள் பட்டை காட்டுகின்றன. மூன்றில் நேர்மையானது மஞ்சள் பட்டை. எல்லாவற்றையும் சிவப்பாக்குவது எரிச்சலூட்டும், ஆனால் ஏமாற்றாது. மௌனமாகத் தாண்டிப்போவதுதான் ஆபத்து. கோடு இல்லாத மடலைப் பார்க்கிறவர் அது சரிபார்க்கப்பட்டது என்று நம்புகிறார். கோடு இல்லாமை 'பிழை இல்லை' என்பதையும் குறிக்கலாம், 'பார்க்கவே இல்லை' என்பதையும் குறிக்கலாம். திரை இரண்டையும் ஒன்றுபோலவே காட்டுகிறது. இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வேண்டுமென்றே ஒரு சொல்லைப் பிழையாகத் தட்டிப் பாருங்கள். கோடு விழவில்லையென்றால் உங்கள் தமிழை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

தமிழ் அகராதியைச் சேர்த்த பிறகும் சில சிக்கல்கள் மிஞ்சும். ஒருங்குறி (யூனிகோடு) வருவதற்கு முன் திஸ்கி, டாம், டாப் முதலிய குறியீடுகளில் எழுதிய மடல்கள் இன்னும் பலரிடம் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. ஆனாலும் பழைய எழுத்துருக்கள் சில அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் தொடர்கின்றன. அவற்றில் எழுதியது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது வேறு எழுத்துகளின் குறியெண்கள். எந்தத் திருத்தியாலும் அதைப் படிக்க முடியாது. முதலில் ஒருங்குறிக்கு மாற்றியாக வேண்டும்.

ஒருங்குறிக்குள்ளேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. 'கொ' என்பதன் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. அகராதி ஒன்றைத்தான் அறிந்திருக்கும். ஹன்ஸ்பெல்லின் விதிக் கோப்பில் உள்ளீட்டை மாற்றிக்கொள்ளும் வரி ஒன்றைச் சேர்த்தால் இது தீரும். 'கௌரவம்' என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்துக் 'கெளரவம்' என்று தட்டுவது இதைவிடக் கொடியது. அது பிழைதான், ஆனால் எழுத்துருவில் வேறுபாடு தெரியாததால், கோட்டைப் பார்க்கிறவர் எங்கே தவறு என்று புரியாமல் சொல்லைத் தனி அகராதியில் சேர்த்துவிடுகிறார். அதோடு அந்தப் பிழை நிரந்தரமாகிறது.

அடுத்தது இலக்கணம். 'வீடுகளிலிருந்தும்' என்ற ஒரு சொல்லில் வேரும் பன்மையும் வேற்றுமை உருபும் சொல்லுருபும் உம்மையும் இருக்கின்றன. ஹன்ஸ்பெல் இரண்டு அடுக்கு விகுதிகளைத்தான் கழற்றிப் பார்க்கும். மிச்சத்தை விதி எழுதுகிறவர் முன்கூட்டியே இணைத்து எழுத வேண்டும். மரம் மரத்தாகவும் ஆறு ஆற்றாகவும் திரிவதையும் அதில் சேர்க்க வேண்டும். வினைமுற்றுகள், பெயரெச்சங்கள், வினையெச்சங்கள் என்று வினைச்சொற்களுக்குப் போனால் பட்டியல் பல மடங்கு விரியும். 'வந்துகொண்டிருந்தவர்களைப்போல' என்று சேர்த்து எழுதினால் கோடு விழும், பிரித்து எழுதினால் விழாது என்ற நிலைக்குக் காரணம் இது. இதற்காக எழுத்தாளர் தன் நடையை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. விதிகள் வளர வேண்டும்.

ஒற்றுப்பிழை விதிகளாலும் எளிதில் தீராது. 'பள்ளிக்குச் சென்றான்' சரி. எழுதியவர் மனம் மாறி வினையை மட்டும் 'போனான்' என்று திருத்தினால் 'பள்ளிக்குச் போனான்' என்று நிற்கும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு சொற்களும் அகராதிக்கு ஏற்புடையவை. தவறு இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. சொல் சொல்லாகப் பார்க்கும் திருத்திக்கு அந்த இடைவெளி தெரியாது. மணம் என்பதை மனம் என்றும் அறம் என்பதை அரம் என்றும் எழுதினாலும் அப்படித்தான். இரண்டும் உள்ள சொற்களே. நம் எழுத்தில் மிகுதியாக வரும் ண, ன, ல, ள, ழ, ர, ற குழப்பங்களில் கணிசமானவை இப்படிச் சரியான சொல்லாகவே வேடமிட்டு வருகின்றன.

இவற்றுக்குத் தமிழில் கருவிகள் வந்திருக்கின்றன. நீச்சல்காரனின் 'வாணி' எழுத்துப்பிழைக்கும் 'நாவி' சந்திப்பிழைக்கும் உழைக்கின்றன. பேராசிரியர் ந. தெய்வ சுந்தரத்தின் 'மென்தமிழ்' சொல்லாளர் இலக்கணப் பகுப்பாய்வின் மேல் கட்டப்பட்டது. இவற்றின் பின்னாலுள்ள உழைப்பை மதிக்கிறேன். ஆனால் மடல் எழுதும் சாளரத்துக்குள் இவை இல்லை. எழுதியதை வெட்டிக் கொண்டுபோய்ப் பார்த்துத் திரும்ப ஒட்ட வேண்டும். ஒரு நாளில் பல மடல்கள் எழுதுகிறவர் அதைச் செய்ய மாட்டார். மறைகாக்க வேண்டிய மடலை இணையக் கருவியில் ஒட்டவும் கூடாது. தண்டர்பேர்டின் திருத்தி உங்கள் கணினிக்குள்ளேயே இயங்குகிறது என்பதால், ஹன்ஸ்பெல் வடிவில் ஒரு வலுவான தமிழ் அகராதி இருப்பது அவசியமாகிறது.

அந்த அகராதி ஒன்றாக மட்டும் இருக்கவும் முடியாது. சென்னையில் 'டொராண்டோ' என்றும் யாழ்ப்பாணத்தில் 'ரொறன்ரோ' என்றும் எழுதுகிறார்கள். நியூயார்க்கும் நியூயோர்க்கும் அப்படியே. ஒருவர் வழக்கை இன்னொருவர் அகராதி பிழையென்று காட்டுவது அமெரிக்க ஆங்கிலம் நமக்குச் செய்வதையே நாம் நம்மவர்க்குச் செய்வதாகும். இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனி மொழிக் குறியீடுகள் ஏற்கெனவே உள்ளன. பொதுச் சொற்பட்டியல் ஒன்று, நாட்டு வழக்குக்கு மேல்பட்டியல் ஒன்று என்று பிரித்து வெளியிட்டால் போதும்.

மொழித் தேர்வு எழுதுகிறவரோடு முடிந்துவிடுவதும் இல்லை. மடலின் மொழியைத் தலைப்புப் பகுதியில் குறிக்கும் முறையை 2002இல் வெளியான ஆர்எஃப்சி 3282 என்ற இணையத் தரநிலை ஆவணம் வரையறுத்தது. தண்டர்பேர்ட் நீங்கள் தேர்ந்த அகராதியின் மொழியையே அங்கே எழுதி அனுப்புகிறது. மடலின் உடலிலும் மொழிக் குறிகள் போகலாம். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் இத்தகைய குறிகளைக் கொண்டு குரலை மாற்றிக்கொள்ளக்கூடியவை. தமிழ் மடல் ஆங்கிலக் குறியோடு போனால் தவறான குரல் அதை வாசிக்க முற்படலாம். ஆகவே மொழியைச் சரியாக வைப்பது பெறுபவருக்குச் செய்யும் மரியாதையும் ஆகும்.

செயலி செய்பவர்களிடம் கேட்க வேண்டியது அதிகமில்லை. எந்த வரிக்கு எந்த மொழி என்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டட்டும். பார்க்காமல் விட்ட பகுதியைப் பார்க்கவில்லை என்று சொல்லட்டும். யாருக்கு எந்த மொழியில் எழுதுகிறோம் என்பதை நினைவில் வைக்கட்டும். தண்டர்பேர்டுக்கு ஒரு துணைநிரல் இதைச் செய்கிறது, செயலிக்குள்ளேயே இது இருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. 'அகராதியில் சேர்' என்று நீங்கள் சேர்த்த ஒவ்வொரு சொல்லும் உங்கள் கணினியில் சாதாரண உரைக் கோப்பாகச் சேர்ந்திருக்கிறது; தண்டர்பேர்டில் உங்கள் சுயவிவர அடைவுக்குள் வரிக்கு ஒரு சொல்லாக இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். தவறிச் சேர்ந்த பிழைகளை நீக்குங்கள். ஆட்பெயர்களையும் அந்தரங்கமான சொற்களையும் எடுத்துவிடுங்கள். எஞ்சும் தமிழ்ச் சொற்களைத் திறந்தமூலத் தமிழ் அகராதிகளைப் பராமரிக்கும் தன்னார்வலர்களுக்கு அனுப்பிவையுங்கள்.